வினிபெக் ஜனவரிக்கு என்ன உடுத்துவது?

கேள்வி இதுதான்: மதுரையிலிருந்து முதுகலை படிக்க ஜனவரி முதல் வாரம் கனடாவின் வினிபெக் நகருக்குப் போகிறார் ஒருவர். ஊட்டிக்கென்று வாங்கிய ஜெர்க்கின் ஒன்று கையில் இருக்கிறது. அது போதுமா, எதை இங்கேயே வாங்கலாம், எதை அங்கே வாங்க வேண்டும், மைனஸ் 30-இல் பஸ்ஸுக்காகக் கால்மணி நேரம் நிற்க முடியுமா?

நிற்க முடியும். ஊட்டி ஜெர்க்கினோடு முடியாது. அங்கே ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள், தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வருகிறார்கள். அவர்களுக்குத் தனி உடம்பு எதுவும் இல்லை, உடுத்தத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். வினிபெக்கில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 11, இரவில் மைனஸ் 21 அளவில் இருக்கும். இது சராசரி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மைனஸ் 30-ஐத் தாண்டும் இரவுகள் சில வரும். அந்நகரின் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 47.8, அது 1879 டிசம்பர் 24 அன்று. ஊரைச் சுற்றிலும் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளி. மலை இல்லை, குன்று இல்லை, காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. அதனால் வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்திலேயே போட்டிருக்கும் ‘விண்ட் சில்’ எண்ணையும் பாருங்கள். மைனஸ் 25 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் விண்ட் சில் மைனஸ் 39. அதாவது உங்கள் மூடாத முகம், காற்றில்லாத மைனஸ் 39-இல் இழக்கும் அளவுக்கு வேகமாகச் சூட்டை இழக்கும். மைனஸ் 28-இலிருந்து 39 வரை என்றால் திறந்திருக்கும் தோல் உறைய 10 முதல் 30 நிமிடம். மைனஸ் 40-இலிருந்து 47 வரை 5 முதல் 10 நிமிடம். அதற்கும் கீழே போனால் ஐந்து நிமிடத்துக்குள் உறைந்துவிடும். கால்மணி நேரம் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். விண்ட் சில் என்பது தோலுக்கான கணக்கு மட்டுமே. எவ்வளவு காற்றடித்தாலும் கார் எஞ்சினோ தண்ணீர்க் குழாயோ மைனஸ் 25-க்குக் கீழே இறங்காது.

இனி உடுப்பு. எந்தத் துணியும் சூடு தருவதில்லை. சூட்டை உண்டாக்குவது உங்கள் உடம்பு: சும்மா நிற்கும்போது ஏறக்குறைய 100 வாட், விறுவிறுவென்று நடக்கும்போது அதைப்போல மூன்று மடங்கு. அந்தச் சூட்டைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பது துணி இழைகளுக்கிடையே சிக்கியிருக்கும் அசையாத காற்று. புதிதாக அடித்துப் போட்ட இலவம்பஞ்சு மெத்தையையும், நாலு வருஷம் படுத்துத் தட்டையாகிப்போன மெத்தையையும் நினைத்துப் பாருங்கள். பஞ்சின் எடை ஒன்றுதான், போனது உள்ளே இருந்த காற்று. குளிர்கால உடையில் நடக்கும் எல்லாத் தவறும் இந்தக் காற்றை நனைப்பது, நசுக்குவது, அல்லது இடைவெளி வழியாக வெளியே விடுவது என்று மூன்றுக்குள் அடங்கும். ‘பெரிய கோட்டுதான் போட்டேன், ஆனாலும் நடுங்குது’ என்பவரிடம் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

உள்ளாடையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். பருத்தி பனியன் வேண்டாம். நம் ஊர் வெயிலில் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர்விப்பதால்தான் பருத்தி சுகமாக இருக்கிறது. அதே குணம் அங்கே எதிரி. நீர், அசையாத காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த பனியன் ஒன்று, அதற்கு மேல் போட்ட அத்தனை உடையையும் பாதி வீணாக்கிவிடும். தோலை ஒட்டிப் போட மெரினோ கம்பளியோ பாலியெஸ்டர் தெர்மலோ வேண்டும். மெரினோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் சீக்கிரம் ஏறாது, ஆனால் விலை அதிகம். பாலியெஸ்டர் மலிவு, சீக்கிரம் காயும், இரண்டு நாளில் நாறும். நம் ஊர்க் கடைகளில் ‘தெர்மல்’ என்று விற்பதில் நிறைய பருத்தி கலந்திருக்கும். லேபிளைப் படித்து, பருத்தி இருந்தால் வைத்துவிடுங்கள். மேலுக்கும் காலுக்கும் இரண்டிரண்டு ஜோடி போதும். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் அக்குளிலும் முழங்கால் மடிப்பிலும் இறுக்கக் கூடாது.

அதற்கு மேல் ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழைத் துணியிலோ கம்பளியிலோ ஸ்வெட்டர் ஒன்று. வீட்டில் பாட்டி பின்னிய ஸ்வெட்டர் இருந்தால் தாராளமாக எடுத்துப்போங்கள். நடு அடுக்குக்கு அது அருமையானது, காற்றைத் தடுக்காது என்பது மட்டும்தான் குறை. அந்த வேலையைப் பார்க்க மேலே பார்க்கா, அதாவது தலையை மூடும் ஹூட் வைத்த தடித்த குளிர்காலக் கோட்டு இருக்கிறது.

பார்க்காவை அங்கே போய் வாங்குங்கள், போட்டுப் பார்த்து வாங்குங்கள். தொடை நடுப்பகுதி வரை நீளம் வேண்டும், இடுப்போடு நிற்பது பஸ் ஸ்டாப்புக்கு உதவாது. ஜிப்புக்கு மேலோ உள்ளேயோ காற்றுத் தடுக்கும் மடிப்புப் பட்டை இருக்க வேண்டும். மணிக்கட்டில் பின்னல் பட்டை, இடுப்பில் இழுத்துக் கட்டும் கயிறு, மிட்டன் (நாலு விரலும் ஒரே பைக்குள் இருக்கும் கையுறை) போட்ட கையாலும் பிடிக்கக்கூடிய பெரிய ஜிப் முனை ஆகியவற்றையும் பாருங்கள். ஹூட் முகத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் நீள வேண்டும். அதன் விளிம்பில் இருக்கும் ரோமம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அது காற்றை உடைத்து முகத்துக்கு முன்னால் அசையாத காற்றுப் பை ஒன்றை உருவாக்கும். டவுன் எனப்படும் வாத்து இறகுப் பஞ்சு அடைத்த கோட்டில் 600, 700 என்று எண் போட்டிருப்பார்கள். அது பஞ்சின் தரம், அளவல்ல. 700 தரத்தில் கைப்பிடியளவு மட்டும் அடைத்த மெல்லிய ஜாக்கெட் நவம்பருக்குச் சரி, ஜனவரிக்கு ஆகாது. உள்ளே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி உங்களை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் இழுத்தால் பஞ்சு நசுங்குகிறது என்று பொருள், அடுத்த சைஸை எடுங்கள்.

பழைய துணிக் கடைகளிலும் நல்ல பார்க்கா கிடைக்கும். தோளை விரலால் அழுத்திப் பாருங்கள், உப்பி எழ வேண்டும். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள்.

கால்சட்டையில் ஜீன்ஸும் பருத்திதான். தெர்மல் மேல் ஜீன்ஸ் போட்டு மைனஸ் 15 வரை சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் தொடை சிவந்து அரிக்கும், காற்று ஊடுருவுகிறது என்பதற்கு அடையாளம் அது. மேலே காற்றுப் புகாத ஸ்னோ பேண்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு, வகுப்பில் கழற்றி வைத்துவிடலாம். சல்வாருக்கும் இதுவே பொருந்தும். புடவை கட்டுவதானால் உள்ளே தெர்மல், அதற்கு மேல் ஃபிளீஸ் கால்சட்டை, பிறகு பாவாடை. வெளியே நடக்கும்போது கொசுவம் பனியில் நனைந்து உறைந்து பலகையாகும், அதனால் மண்டபத்துக்குப் போய்க் கட்டிக்கொள்வதே நல்லது.

பணம் குறைவாக இருந்தால் கோட்டில் மிச்சம் பிடியுங்கள், பூட்ஸில் பிடிக்காதீர்கள். மேலே ஒரு ஸ்வெட்டரைக் கூட்டிக் கோட்டின் குறையைச் சரிக்கட்டலாம், பாதத்துக்கு அப்படி எந்த வழியும் இல்லை. குளிர் தரையிலிருந்து நேராக ஏறும், உங்கள் எடை முழுவதும் அடிப்பாகத்தை நசுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் தடித்த அடி வேண்டும். கீழ்ப்பாகம் ரப்பர், மேலே தோல் அல்லது நைலான், உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய ஃபெல்ட் லைனர் (அழுத்திய கம்பளியாலான உள் உறை) என்று இருப்பதைத் தேடுங்கள். ‘−40’ என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை, நடந்துகொண்டே இருப்பவரை வைத்துச் சொல்லும் எண்ணாகவும் அது இருக்கலாம். நிற்பவர் அதிலிருந்து 10, 15 டிகிரி கழித்துக்கொள்வது நல்லது.

சைஸ் விஷயத்தில் ஒரு குழி இருக்கிறது. நம் ஊர் செருப்பு எண் பெரும்பாலும் பிரிட்டிஷ் கணக்கு, அங்கே அமெரிக்கக் கணக்கு. இங்கே 8 போடும் ஆணுக்கு அங்கே 9. அதற்கு மேல் தடித்த சாக்ஸுக்காக அரை முதல் ஒரு சைஸ் கூட்ட வேண்டும். தெரியாமல் 8 என்று ஆன்லைனில் வாங்குபவர் இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு கம்பளி சாக்ஸைத் திணிப்பார். ரத்த ஓட்டம் குறைந்து, ஃபெல்ட்டும் நசுங்கி, ஒரு சாக்ஸ் போட்டிருந்தால் இருப்பதைவிட அதிகமாகக் கால் விறைக்கும். ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்ட இடம். இது போதும். இரவு வந்ததும் லைனரையும் உள்ளடியையும் வெளியே எடுத்து ஹீட்டர் காற்று படும் இடத்துக்கு அருகில் வையுங்கள், மேலேயே வைக்க வேண்டாம். நாளெல்லாம் பாதம் விட்ட வியர்வை அதில்தான் தங்கியிருக்கும். காயவைக்காத லைனர் மூன்றாம் நாள் குளிரத் தொடங்கும், பூட்ஸ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

மலிவான காலணியின் அடிப்பாகம் கடுங்குளிரில் பிளாஸ்டிக் போல இறுகி வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பனிக்கட்டி மேல் சின்னச் சின்ன அடியாக, உடம்பின் பாரம் முன் காலுக்கு நேர் மேலே இருக்கும்படி நடங்கள். கைகளை கோட்டுப் பைக்குள் விடாதீர்கள்.

கைக்கு ஐந்து விரல் க்ளவுஸ் மைனஸ் 15 வரை. அதற்குக் கீழே மிட்டன். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். க்ளவுஸில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் குளிரோடு மல்லுக்கட்டும். மிட்டனுக்குள் மெல்லிய க்ளவுஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பஸ் அட்டையை எடுக்கவோ சாவி திருப்பவோ மிட்டனைக் கழற்றினால் வெறும் தோல் உலோகத்தில் படாது. மைனஸ் 30-இல் கதவின் கைப்பிடியை ஈரக் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். விரல் விறைத்துவிட்டால் கையை நேராக நீட்டி, தோளிலிருந்து பெரிய வட்டமாகப் பத்துப் பதினைந்து முறை வேகமாகச் சுற்றுங்கள், ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். பார்க்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும், அவரும் செய்வார். அடிக்கடி கை விறைத்தால் க்ளவுஸை மட்டும் குறை சொல்லாதீர்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கைகால்களுக்கு ரத்தத்தைக் குறைக்கும். ஒரு ஸ்வெட்டர் கூட்டினால் விரல் சூடாவது அதனால்தான்.

தலை வழியாகப் பாதிச் சூடு போய்விடும் என்பது கட்டுக்கதை. உடம்பின் பரப்பில் தலைக்கு எவ்வளவு பங்கோ ஏறக்குறைய அவ்வளவுதான் போகும். ஆனால் காது உறைய அதிக நேரம் ஆகாது. ஊட்டியில் போட்டால் நண்பர்கள் கிண்டலடிக்கும் குரங்குக் குல்லா வினிபெக்குக்கு ஏற்ற பொருள், கம்பளியாக இருந்தால் கட்டாயம் பெட்டியில் வையுங்கள். அதற்கு மேல் ஹூட்டைப் போட்டால் காற்றும் நின்றுவிடும். கழுத்துக்கு மப்ளரைவிடக் குழாய் போன்ற ஃபிளீஸ் உறை நல்லது, அவிழாது. மூச்சுப் பட்ட இடம் ஈரமாகி உறையும். அப்போது உறையைச் சுற்றிவிட்டுக் காய்ந்த பக்கத்தை வாய்க்குக் கொண்டுவாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் மூச்சைக் கீழ்நோக்கி விடப் பழக வேண்டும், மேல்நோக்கி விட்டால் கண்ணாடியில் பனிப்படலம் படியும்.

நகை பற்றி யாரும் சொல்வதில்லை. உலோகம் தோலிலிருந்து சூட்டை வேகமாக இழுக்கும். ஜிமிக்கி, பெரிய தோடு, மூக்குத்தி ஆகியவற்றைக் கடுங்குளிர் நாளில் கழற்றிவிடுங்கள், அல்லது முழுவதும் மூடிக்கொள்ளுங்கள். மோதிரமும் மெட்டியும் இறுக்கமாக இருக்கக் கூடாது, விரல் உறைந்து வீங்கினால் கழற்ற முடியாது. தாலிச் சங்கிலி தெர்மலுக்கு உள்ளே இருந்தால் உடம்புச் சூட்டிலேயே இருக்கும், பயமில்லை. தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெளியே கிளம்பாதீர்கள், ஸ்டாப்பை அடைவதற்குள் முடி விறைத்துக் குச்சியாகும்.

இவ்வளவும் போட்டபின் வரும் தொல்லை குளிரல்ல, வியர்வை. பஸ்ஸிலும் வகுப்பிலும் 21, 22 டிகிரி இருக்கும். பார்க்காவை மூடியபடியே கடைக்குள் இருபது நிமிடம் சுற்றினால் தெர்மல் நனையும், வெளியே வந்த ஐந்தாம் நிமிடம் நடுக்கம் தொடங்கும். வாசலைத் தாண்டியதும் குல்லா, மிட்டன், ஜிப், இந்த மூன்றும் திறக்கப்பட வேண்டும். வேகமாக நடக்கும்போது முதல் சில நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கப் போகிறவருக்கு மட்டும் இது தலைகீழ். அவர் ஒரு அடுக்கு கூடவே போட வேண்டும். வீட்டை விட்டு முன்கூட்டியே கிளம்பி நிற்காமல், பஸ் எங்கே வருகிறது என்று செல்பேசியில் பார்த்துவிட்டு இறங்குங்கள். அந்தச் செல்பேசியை உள் பையில் வையுங்கள், வெளிப் பையில் வைத்தால் 40 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோகும். உறைந்த செல்பேசியை உடனே சார்ஜில் போட வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

உறைவு வருவதை எப்படி அறிவது? முதலில் குத்தும், பிறகு எரியும், பிறகு வலி நின்றுவிடும். அந்த நிம்மதிதான் ஆபத்து. தோல் வெளுத்து மெழுகு போல ஆகும் என்று எல்லாக் குறிப்பிலும் எழுதியிருப்பார்கள். அது வெள்ளைத் தோலை வைத்து எழுதியது. நம் நிறத்தில் வெளுப்பு எளிதில் தெரியாது, சாம்பல் பூத்தது போல மங்கலாகத் தெரியலாம். அதனால் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். தொட்டால் உணர்ச்சி இல்லை, அல்லது கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்றால் உடனே உள்ளே போங்கள். தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்ப்பது பழைய மூடத்தனம், உறைந்த திசுவை அது கிழிக்கும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 30 நிமிடம் முக்கி வையுங்கள், நீர் ஆறினால் சூடு கூட்டுங்கள். சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும், மரத்த கைக்குச் சுடுவது தெரியாது. ஹீட்டர், அடுப்பு அருகே காட்டக் கூடாது என்பதற்கும் காரணம் அதுவே. உணர்வு திரும்பும்போது கடுமையாக வலிக்கும், அது நல்ல அறிகுறி. கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மீண்டும் குளிருக்குள் போக வேண்டியிருந்தால் உருக்காமலே விடுங்கள், உருகி மறுபடி உறைவது இன்னும் மோசம்.

ஒருவர் நடுங்கி, வாய் குழறி, கால் தடுமாறி, ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று எரிச்சல்பட்டால் உள்ளுடம்பு 35 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது என்று பொருள். நடுக்கம் நின்றும் அவர் தெளியவில்லை என்றால் தாமதிக்காமல் கனடாவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். குளிருக்கு ஒரு பெக் போட்டால் சரியாகும் என்ற பேச்சை நம்பாதீர்கள். மது தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும், சூடு போல் தெரியும், உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் வேறு சிக்கல். மைனஸ் 30 காற்றில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் பாலைவனத்தை விட வறண்ட காற்று. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கும். குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் முழுதும் காயும் முன் கிரீமோ எண்ணெயோ தடவுங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும், அறையில் எப்போதும் கட்டியாகத்தான் இருக்கும், அகல வாய் டப்பாவில் கொண்டுபோங்கள். வாசலின் வறட்சிக்கு நல்லது, முகம் உறைவதைத் தடுக்காது. ஏறக்குறைய 50 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் வினிபெக்கில் குளிர்கால வெயில் வைட்டமின் டி கிட்டத்தட்டத் தராது. நாளொன்றுக்கு 600 யூனிட் என்பது கனடா சுகாதாரத் துறையின் பொது அளவு, மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வந்திறங்கும் நாள். டொரண்டோவிலோ வான்கூவரிலோ விமானம் மாறும்போது பெட்டி பின்தங்குவது சாதாரணம். அதனால் தெர்மல் ஒரு ஜோடி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, க்ளவுஸ், கம்பளி சாக்ஸ் எல்லாம் கைப்பெட்டியில் இருக்கட்டும். ஊட்டி ஜெர்க்கினை மேலே போட்டுக்கொள்ளுங்கள், விமான நிலைய வாசலிலிருந்து கார் வரை அது போதும். காலில் சாண்டல் வேண்டாம், மூடிய ஷூ. கடைசி விமானத்தில் இறங்குமுன் கழிவறையில் தெர்மலை மாட்டிக்கொள்ளுங்கள், மதுரையிலேயே மாட்டினால் பாதி வழியில் நனைந்திருக்கும். மறுநாள் காலை முதல் வேலை பூட்ஸ் வாங்குவது, பார்க்கா அதற்கு அடுத்தது. கடைக்குப் போக யாரிடமாவது கோட்டு இரவல் கேளுங்கள். அந்த ஊரில் அதைக் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை.